வரி ஏய்ப்போருக்கு ஆடித் தள்ளுபடி

மாதச் சம்பளம் வாங்குகிறவரிடம் வருமான வரித் துறை ஒருநாளும் "வாங்க, உட்காருங்க, பேசித் தீர்த்துக்கலாம்" என்று சொன்னதில்லை. சம்பளம் கைக்கு வரும் முன்பே டி.டி.எஸ். என்ற பெயரில் வரி போய்விடுகிறது. ரிட்டர்ன் போடக் கெடு தவறினால் 5,000 ரூபாய் வரை தாமதக் கட்டணம், பாக்கி இருந்தால் அதற்கு வட்டி. வருமான வரி வரம்புக்குள்ளேயே வராத ஏழைகூட சோப்பு வாங்கும்போதும் செல்போனுக்கு ரீசார்ஜ் செய்யும்போதும் ஜி.எஸ்.டி. கட்டித்தான் ஆக வேண்டும். இவர்களுக்கெல்லாம் மன்னிப்பும் கிடையாது, தள்ளுபடியும் கிடையாது.

ஆனால் வருமானத்தை மறைத்து, அதை ஜெனீவாவிலோ சிங்கப்பூரிலோ துபாயிலோ பத்திரமாகப் போட்டு வைத்தவர் கதை வேறு. அவரைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அரசாங்கமே வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிறது. எங்கிருந்து வந்தது என்று கேட்க மாட்டோம், வழக்குப் போட மாட்டோம், பெயரை வெளியே சொல்ல மாட்டோம், இவ்வளவு கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள் என்கிறது. இதற்குப் பெயர் வரி மன்னிப்புத் திட்டம். இந்தியாவில் மட்டுமில்லை, இத்தாலி, இந்தோனேசியா என்று உலகம் முழுக்க நடக்கும் கூத்து இது.

ஆதரிப்பவர்கள் சொல்லும் வாதம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வெளிநாட்டில் கிடக்கும் 100 ரூபாயில் இன்று அரசுக்கு வருவது பூஜ்யம். மன்னித்து விட்டால் 30 ரூபாய் வரும். அந்த 30 ரூபாயில் பள்ளிக்கூடம் கட்டலாம், ரோடு போடலாம். மீதி 70 ரூபாயும் நாட்டுக்குள் வந்து தொழிலில் இறங்கும். பூஜ்யத்தைவிட 30 பெரிதா இல்லையா? இப்படிக் கேட்டால் எட்டாம் வகுப்புப் பையன்கூடப் பெரிது என்றுதான் சொல்வான். ஆனால் கணக்கு அங்கே முடியவில்லையே!

1997-ஐ எடுத்துக்கொள்ளலாம். அந்த வருட பட்ஜெட்டில் அப்போதைய நிதியமைச்சர் ப. சிதம்பரம் வி.டி.ஐ.எஸ். என்ற திட்டத்தை அறிவித்தார். மறைத்த வருமானத்தைத் தானாக முன்வந்து அறிவிக்கும் திட்டம். ஜூலை 1 முதல் டிசம்பர் 31 வரை அவகாசம். தனிநபருக்கு 30 சதவீதம், கம்பெனிகளுக்கு 35 சதவீதம். வட்டி இல்லை, அபராதம் இல்லை. வருமான வரிச் சட்டம், சொத்து வரிச் சட்டம், அன்று அமலில் இருந்த ஃபெரா எனும் அந்நியச் செலாவணிச் சட்டம் எதன் கீழும் அறிவித்ததற்காக வழக்கு வராது. சுமார் 4.75 லட்சம் பேர் வந்தார்கள். 33,697 கோடி ரூபாய் வருமானத்தை அறிவித்தார்கள். அரசுக்கு 9,729 கோடி ரூபாய் வரி கிடைத்தது. இன்றுவரை "வெற்றி பெற்ற மன்னிப்புத் திட்டம்" என்று கேட்டால் இதைத்தான் காட்டுவார்கள்.

இந்த வெற்றியைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். அந்த 30 சதவீதம் என்பது என்ன? அதே பட்ஜெட்டில் ஒழுங்காக வரி கட்டுகிறவருக்கு நிர்ணயித்த உச்ச விகிதமும் 30 தான். அதாவது ஏய்த்ததற்குக் கூடுதலாக ஒரு நயா பைசா கிடையாது. இன்னும் பின்னால் போனால் நிலைமை மோசம். 1980-களின் பின்பாதியில் உச்ச விகிதம் 50 சதவீதம். 1987-ல் உச்ச வரம்பில் இருந்த ஒருவர் மேற்கொண்டு சம்பாதித்த 100 ரூபாய்க்கு நேர்மையாக 50 ரூபாய் கட்டினார். பக்கத்து வீட்டுக்காரர் அதே 100 ரூபாயை மறைத்து, பத்து வருடம் கழித்து 30 ரூபாய் கட்டினார்.

பி.காம். முதல் வருடத்திலேயே வரும் கணக்கு இது. இன்றைய ரூபாயும் பத்து வருடம் கழித்து வரும் ரூபாயும் ஒன்றல்ல. 10 சதவீத வட்டி என்று வைத்துக் கழித்துப் பார்த்தால், 1997-ல் கட்டிய 30 ரூபாயின் 1987 மதிப்பு 11 ரூபாய் 57 காசு. நேர்மையானவர் 50, ஏய்த்தவர் பதினொன்றரை! நடுவில் பத்து வருடம் அந்தப் பணத்தை வைத்து அவர் சம்பாதித்தது தனி. எந்த பேங்க் தரும் இப்படி ஒரு கடன்?

நகை விஷயம் இதைவிட வேடிக்கை. 1987-88-க்கு முந்தைய வருடங்களுக்கு உரிய வருமானத்தில் வாங்கிய நகை என்று சொல்லிவிட்டால், அதை 1987 ஏப்ரல் 1 அன்றைய விலையில் மதிப்பிட்டால் போதும் என்று சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். அதற்குள் தங்கத்தின் விலை ஒன்றே முக்கால் மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. பழைய விலைக்கு 30 சதவீதம் என்றால் புது விலையில் அது 16, 17 சதவீதம்தான். அந்த நகை 1986-ல் வாங்கியதா, 1997 அக்டோபரில் வாங்கியதா என்று நகையிலா எழுதியிருக்கும்?

இதையெல்லாம் ஆராய்ந்த தலைமைத் தணிக்கையர், நேர்மையாக வரி கட்டுகிறவர்களுக்குச் செய்த மோசடி என்றே இந்தத் திட்டத்தைக் கண்டித்தார். சொன்னது எதிர்க்கட்சியோ தெருமுனைக் கூட்டப் பேச்சாளரோ அல்ல. அரசாங்கத்தின் கணக்கைப் பார்க்க அரசியல் சட்டம் நியமித்த ஆள்.

நீதிமன்றத்துக்கும் விஷயம் போனது. இனி இப்படி ஒரு திட்டம் கொண்டுவர மாட்டோம் என்று மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் உறுதி கொடுத்தது. இந்த உறுதியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

ஆடி மாதம் துணிக்கடைக்காரர்கள் தள்ளுபடி போடுவது ஏன் என்று எல்லோருக்கும் தெரியும். அதன் விளைவும் தெரியும். ஆடியில் தள்ளுபடி நிச்சயம் என்று தெரிந்தவர் ஆனி மாதத்தில் முழு விலை கொடுத்துப் புடவை எடுப்பாரா? இரண்டு வாரம் பொறுத்துக்கொள்வார். வரி மன்னிப்பிலும் இதே கதைதான். கடைக்காரருக்கு அதில் நஷ்டமில்லை, சரக்கு தீர்கிறது. அரசாங்கம் விற்பது புடவை அல்ல என்பதுதான் சிக்கல்.

இந்தியாவில் எத்தனை ஆடி வந்து போயிருக்கிறது பாருங்கள். 1951-ல் முதல் திட்டம். வெளியே வந்தது சுமார் 70 கோடி ரூபாய் வருமானம், வரி 11 கோடிக்கும் கொஞ்சம் குறைவு. 1965-ல் 60:40 திட்டம், அரசுக்கு 60 கொடுத்துவிட்டு 40-ஐ வைத்துக்கொள்ளலாம். 1971-ல் வாஞ்சூ கமிட்டி உட்கார்ந்து ஆராய்ந்து, இந்த மாதிரித் திட்டங்கள் இனி வேண்டவே வேண்டாம் என்று சொன்னது. அறிக்கை போன இடம் தெரியவில்லை, 1975-ல் நெருக்கடி நிலைக் காலத்திலேயே அடுத்த திட்டம் வந்துவிட்டது.

1981-ல் வந்தது எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது. சிறப்புப் பத்திரங்கள் என்று வெளியிட்டார்கள். 10,000 ரூபாய் கொடுத்து வாங்கினால் பத்து வருடம் கழித்து 12,000 கிடைக்கும். பணம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள். மற்ற திட்டங்களிலாவது ஏய்த்தவர் அரசுக்குப் பணம் கொடுத்தார். இதில் அரசு அவருக்கு வட்டி கொடுத்தது! வழக்கு உச்ச நீதிமன்றம் போக, ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் இது செல்லும் என்றார்கள். நீதிபதி ஏ.சி. குப்தா ஒருவர் மட்டும் மாறுபட்டார். நேர்மையாக வரி கட்டியவருக்குக் கிடைக்காத சலுகையை, ஏய்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக இன்னொருவருக்குக் கொடுப்பது எந்த ஊர்ச் சமத்துவம் என்பதுதான் அவர் கேள்வியின் சாரம். நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, இன்னும் அதற்கு யாரும் உருப்படியாகப் பதில் சொன்னதாகத் தெரியவில்லை.

1991-ல் அந்நியச் செலாவணி நெருக்கடி. தங்கத்தை அடகு வைக்கும் நிலைமை. அப்போது வெளிநாட்டுப் பணத்துக்கென்றே தனிச் சட்டம் வந்தது. வெளிநாட்டிலிருந்து அனுப்பும் பணம், ஸ்டேட் பேங்க் வெளியிட்ட இந்தியா டெவலப்மென்ட் பாண்டுகளில் போடும் பணம் இரண்டுக்கும் கேள்வி கிடையாது. கழுத்துக்குக் கத்தி வந்த நேரம், அதை மட்டும் கொஞ்சம் மன்னிக்கலாம். பிறகு 1997. பிறகு உச்ச நீதிமன்றத்தில் கொடுத்த அந்த உறுதி. பிறகு 2015. பிறகு 2016-ல் ஒரே வருடத்தில் இரண்டு! ஜூன் முதல் செப்டம்பர் வரை 45 சதவீதத்தில் ஒன்று, நவம்பரில் நோட்டு செல்லாது என்று அறிவித்த பிறகு கால் பங்கை வட்டியில்லாமல் நான்கு வருடம் டெபாசிட் செய்யச் சொல்லி 50 சதவீதத்தில் இன்னொன்று. "வரி விகிதத்தைவிட அதிகம் வாங்குகிறோம், ஆகவே இது மன்னிப்பு அல்ல" என்று விளக்கம் வேறு. ஜெயிலும் இல்லை, விசாரணையும் இல்லை, பெயரும் வெளிவராது என்றால் அதற்குத் தமிழில் வேறு என்ன வார்த்தை இருக்கிறது?

வெளிநாட்டுப் பணத்துக்கு மட்டுமான 2015 திட்டத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மன்னிப்புக்காரர்கள் அதிலிருந்து கற்றுக்கொண்ட பாடம் தலைகீழானது. அந்த வருடம் கறுப்புப் பணச் சட்டம் நிறைவேறியது. ஜூலை 1 முதல் செப்டம்பர் 30 வரை ஒரு ஜன்னலைத் திறந்து வைத்தார்கள். 30 வரி, 30 அபராதம், ஆக 60 சதவீதம். ஜன்னல் மூடிய பிறகு பிடிபட்டால் 120 சதவீதமும், வேண்டுமென்றே ஏய்த்தவருக்கு 3 முதல் 10 வருடம் வரை சிறையும். தேர்தல் மேடைகளில் லட்சம் லட்சம் கோடி என்று பேசிய பணத்தில் வந்து சேர்ந்தது எவ்வளவு? 648 பேர், 4,164 கோடி ரூபாய் சொத்து. வரியும் அபராதமுமாகக் கிடைத்தது சுமார் 2,476 கோடி.

"பார்த்தீர்களா? 60 கேட்டீர்கள், யாரும் வரவில்லை. 1997 மாதிரி 30 கேட்டிருந்தால் குவிந்திருக்கும்" என்பது மன்னிப்புக்காரர்களின் பாடம். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்குப் புத்தி எங்கே போயிற்று? 2015 செப்டம்பரில் வெளிநாட்டில் கணக்கு வைத்திருந்தவரின் இடத்தில் இருந்து யோசித்தால் விடை சுலபம். அவருக்கு இரண்டு விஷயம் தெரியும். ஒன்று, அவர் கணக்கைப் பற்றி டெல்லிக்கு ஒன்றும் தெரியாது. பிரான்ஸ் 2011-ல் கொடுத்த எச்.எஸ்.பி.சி. ஜெனீவா பட்டியலில் 628 பெயர்கள் இருந்தன. அதில் இல்லாதவர் எதற்குப் பயப்பட வேண்டும்? இரண்டாவது, இந்த அரசு இல்லாவிட்டால் அடுத்த அரசு, இந்த ஜன்னல் இல்லாவிட்டால் அடுத்த ஜன்னல். 64 வருடச் சரித்திரம் அவர் பக்கம் இருக்கிறது. அப்படிப்பட்டவர் 60 மட்டுமல்ல, 20 கேட்டாலும் 10-க்காகக் காத்திருப்பார். காத்திருக்கச் சொல்லிக் கொடுத்தது யார்? முந்தைய மன்னிப்புகள்தானே.

அப்புறம், "மீதிப் பணம் நாட்டுக்குள் வந்து தொழிலில் இறங்கும்" என்ற கதை. அந்தப் பணம் ஸ்விஸ் லாக்கரில் தூங்குகிறது என்று யார் சொன்னது? 2012 மே மாதம் நிதியமைச்சகம் ஓர் அறிக்கை வெளியிட்டது (கறுப்புப் பணத்துக்கு வெள்ளை அறிக்கை!). மொரிஷியஸ், சிங்கப்பூர் வழியாக வரும் முதலீட்டில் ஒரு பகுதி, இங்கிருந்து போன பணமே சுற்றிக்கொண்டு திரும்பி வருவதாக இருக்கலாம் என்று அதிலேயே இருக்கிறது. 1982-ல் போட்ட மொரிஷியஸ் ஒப்பந்தத்தின்படி அந்தத் தீவு வழியாக வந்து பங்கு வாங்கி விற்றால் லாபத்துக்கு இந்தியாவில் வரி கிடையாது. 2016-ல் ஒப்பந்தத்தைத் திருத்தி, 2017 ஏப்ரல் 1 முதல் வாங்கும் பங்குகளுக்குத்தான் வரி வந்தது. ஆக முப்பது வருடத்துக்கும் மேலாக, திரும்பி வர வேண்டிய பணத்துக்கு மன்னிப்பே தேவைப்படவில்லை. கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு வெளிநாட்டு முதலீட்டாளராக வந்து இறங்கியது, மாலை போட்டு வரவேற்பும் கிடைத்தது. 2007-ல் வந்த 'சிவாஜி' படத்தில் ரஜினி கறுப்பை வெளிநாடு வழியாக வெள்ளையாக்கியதைப் பார்த்துக் கைதட்டியவர்களுக்கு இது புதிதாக இருக்காது :-)

மற்ற நாடுகளின் கதையும் இதேதான். இத்தாலி 2001-ல் 'வரிக் கேடயம்' என்று பெயர் வைத்தே ஒரு திட்டம் கொண்டுவந்தது. வெளிநாட்டுப் பணத்துக்கு 2.5 சதவீதம் கட்டினால் போதும், பெயர்கூடச் சொல்ல வேண்டாம். அதை 2003 வரை நீட்டித்தார்கள். 2009-ல் 5 சதவீதத்தில் மறுபடியும். முதல் மன்னிப்பு வேலை செய்திருந்தால் இரண்டாவதில் கிட்டத்தட்ட 10,000 கோடி யூரோ எங்கிருந்து வந்தது? இந்தோனேசியாவில் 2016 ஜூலை முதல் 2017 மார்ச் வரை நடந்தது. காகிதத்தில் அறிவித்த சொத்து 4,800 லட்சம் கோடி ரூபியாவுக்கு மேல், பிரமிக்க வைக்கும் எண். ஆனால் அதில் பெரும்பகுதி உள்நாட்டிலேயே இருந்த சொத்து. வெளிநாட்டிலிருந்து 1,000 லட்சம் கோடி ரூபியா திரும்பும் என்று எதிர்பார்த்தார்கள், வந்தது 147. 2022-ல் அங்கேயும் அடுத்த திட்டம் வந்துவிட்டது.

அமெரிக்காவைக் காட்டி ஒரு வாதம் வரும். அது மட்டும்தான் கொஞ்சம் கனமான வாதம். 2009 முதல் 2018 செப்டம்பர் வரை அங்கேயும் வெளிநாட்டுக் கணக்குகளைத் தானாக அறிவிக்கும் திட்டம் இருந்தது. 56,000 பேர் வந்தார்கள், 1,110 கோடி டாலர் வசூலானது. ஆனால் எந்த வரிசையில் நடந்தது என்று பார்க்க வேண்டும். முதலில் யு.பி.எஸ். வங்கியின் கழுத்தைப் பிடித்தார்கள். 2009 பிப்ரவரியில் அந்த வங்கி 78 கோடி டாலர் கட்டியது. அதே வருடம் 4,450 கணக்குகளின் விவரத்தைக் கொடுக்க ஸ்விட்சர்லாந்து ஒப்புக்கொண்டது. அடுத்த பட்டியலில் தன் பெயர் இருக்குமோ என்று நடுங்கியவர்கள்தான் வரிசையில் நின்றார்கள். வந்தவர்களிடம் பழைய வரி, வட்டி, அதற்கு மேல் கணக்கில் இருந்த உச்சத் தொகையில் ஐந்தில் ஒரு பங்கு அபராதம் என்று வாங்கினார்கள். அந்த அபராத விகிதத்தைப் போகப்போகக் கூட்டினார்கள், குறைக்கவில்லை. தள்ளுபடியை நாளுக்கு நாள் குறைக்கும் கடையில் யார் காத்திருப்பார்கள்? அங்கே வேலை செய்தது பயம். மன்னிப்பு வெறும் ரசீதுப் புத்தகம்.

அந்தப் பயம் இந்தியாவிலும் இப்போது வேலை செய்கிறது. 100-க்கும் மேற்பட்ட நாடுகளும் தீவுகளும் வங்கிக் கணக்கு விவரங்களை வருடா வருடம் ஒன்றுக்கொன்று தானாக அனுப்பிக்கொள்ளும் ஏற்பாட்டில் இந்தியாவும் இருக்கிறது. ஸ்விட்சர்லாந்திலிருந்து முதல் தொகுதி 2019 செப்டம்பரில் வந்தது. 2024 நவம்பரில் வரித் துறை ஒரு காரியம் செய்தது. வெளிநாட்டில் கணக்கு இருப்பதாகத் தகவல் வந்தும் ரிட்டர்னில் அதைக் காட்டாதவர்களுக்கு எஸ்.எம்.எஸ்.ஸும் மின்னஞ்சலும் அனுப்பியது. "உங்கள் கணக்கு பற்றித் தெரியும், ரிட்டர்னைத் திருத்துங்கள்" என்பதுதான் விஷயம். சலுகை விகிதம் இல்லை, புதுச் சட்டம் இல்லை, ஜன்னல் இல்லை. 24,678 பேர் ரிட்டர்னைத் திருத்தினார்கள். வெளியே வந்த வெளிநாட்டுச் சொத்து 29,208 கோடி ரூபாய், வெளிநாட்டு வருமானம் 1,089 கோடி.

இதெல்லாம் கறுப்புப் பணம் என்று சொல்லிவிட முடியாது. வெளிநாட்டுக் கம்பெனிப் பங்குகளைச் சம்பளத்தோடு வாங்கிய சாஃப்ட்வேர் ஊழியர்கள், படிவத்தின் அந்தப் பக்கத்தைப் பார்க்காமலே விட்டவர்கள் என்று பலரும் இதில் இருப்பார்கள். ஆனாலும் 648 எங்கே, 24,678 எங்கே? முதல் எண்ணுக்கு நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. இரண்டாவதற்கு எஸ்.எம்.எஸ். போதுமானதாக இருந்தது.

கடைசியாக, இந்தச் சின்ன மனிதர்களைக் கவசமாகப் பிடித்துக்கொண்டு வரும் வாதம். படிக்கப் போன இடத்தில் கணக்கு திறந்து மூட மறந்த மாணவர், துபாயிலிருந்து திரும்பி வந்தவர், கம்பெனி கொடுத்த நாலு பங்கை வைத்திருப்பவர். இவர்கள் தலையில் 10 லட்ச ரூபாய் அபராதம் என்ற கத்தி தொங்கியது உண்மை. அது அநியாயம்தான். அதைச் சரி செய்ய என்ன வழி? சட்டத்தைத் திருத்துவது. 2024 அக்டோபர் 1 முதல், வீடு மனை நீங்கலான வெளிநாட்டுச் சொத்துகள் மொத்தம் 20 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அதைக் காட்டாததற்கு அந்த அபராதம் இல்லை என்று மாற்றினார்கள். இதுதான் முறை. 20 போதாது என்றால் 50 ஆக்கட்டும். படிவத்தை மனிதர்களுக்குப் புரிகிற மாதிரி எழுதட்டும், தெரியாமல் செய்த தவறுக்கும் திட்டமிட்டு மறைத்ததற்கும் தனித்தனி தண்டனை வைக்கட்டும். இதெல்லாம் எல்லோருக்கும் எப்போதும் பொருந்தும் சட்டம். மூன்று மாதம் திறந்து வைக்கும் ஜன்னலில், மாணவரின் சூட்கேஸுக்குப் பின்னால் எந்தப் பெட்டி உள்ளே வருகிறது என்று யாருக்குத் தெரியும்? 1997-ல் வந்த 4.75 லட்சம் பேர் யார் என்பதே இன்றுவரை வெளியே தெரியாது, ரகசியம் காப்பதாகச் சட்டத்திலேயே வாக்குக் கொடுத்திருக்கிறார்கள்.